கடலைப் படிக்க இடம் கேட்டவர்கள்



கேமரன் மலையில் தேயிலைக் காட்டின் நடுவே வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று யாரேனும் கேட்டால், உடனே நம் நினைவுக்கு வருவது கப்பல்தான். நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் நாகப்பட்டினத்திலோ சென்னைப் பட்டணத்திலோ கப்பலேறி, வங்கக் கடலைத் தாண்டிப் பினாங்குத் துறைக்கு வந்தார்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பலின் பெயரை இன்றும் வயது முதிர்ந்த சிலரின் வாயிலிருந்து கேட்கலாம். கூலியாக வந்தவர்களுக்கு அறை ஏது? கப்பலின் தளத்தில் பாயை விரித்து, வெயிலிலும் உப்புக் காற்றிலும் படுத்துக் கிடந்து வந்தார்கள். பினாங்கை அடைந்ததும், அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் அவர்களைத் தங்கவைத்து, தொற்றுநோய் இல்லை என்று கண்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை இப்படி ஏற்றி அனுப்புவதைத் தடை செய்யும் வரை இது நடந்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் மலையேறி, 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தோட்டத்திலும் அதன் பின் எழுந்த மற்றத் தோட்டங்களிலும் கொழுந்து பறிக்க நின்றார்கள். கடலை அவர்கள் வாழ்நாளில் ஒரே முறை, அதுவும் அச்சத்தோடு பார்த்தார்கள். திரும்பிப் போகாதவர்களுக்கு அதுவே கடைசிக் கடல்.

அந்தக் குடும்பத்திலே பிறந்த பேத்தி ஒருத்தி, இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்று வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அம்மா, கடலியலில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறேன்" என்கிறாள். வீட்டில் என்ன பேச்சு எழும்? "பட்டம்தான் வாங்கியாயிற்றே, இன்னும் எத்தனை வருஷம் படிப்பு?" "மீன் பிடிக்கப் படிப்பு வேண்டுமா?" "மலையில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு?" இந்தக் கேள்விகளை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் எழ வேண்டிய கேள்விகள்தாம் இவை. இவற்றுக்கு விடை தேடுவதற்காக, கடலைப் பற்றிய உயர்கல்வி எங்கே தொடங்கியது, அதற்குள் நுழைய யார் யார் எப்படி இடம் கேட்டார்கள், அந்த வாசல் நம் மலைக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்பதை இன்றைய உரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடலை முதன்முதலில் அறிந்தவர்கள் கடலோரத்து மீனவர்கள். காற்றின் திசை, நீரோட்டம், மீன் வரும் பருவம் ஆகிய எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவுக்குப் பட்டமும் இல்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. கருவிகளைக் கொண்டு ஆழ்கடலை அளந்து எழுதும் முறை பெரிய அளவில் தொடங்கியது 1872ஆம் ஆண்டில். அந்த ஆண்டின் இறுதியில் 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கி வைத்துவிட்டு, அவை இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு புறப்பட்டது. 1876ஆம் ஆண்டு மே மாதம்தான் திரும்பியது. அதில் கிடைத்த செய்திகளை எழுதி முடிக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 50 தொகுதிகள் வெளிவந்தன. ஆனால் அந்தக் கப்பலில் ஏறிய அறிவியலார் ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்க சிலரே. அப்படிப்பட்ட கப்பலில் ஏற ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை கனவிலும் எண்ண முடியாது.

அதே 1872ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் இன்னொரு வேலை தொடங்கியது. நமக்கு அதுவே முக்கியமானது என்று நாம் கருதுகிறோம். அன்டன் டோர்ன் என்ற ஜெர்மானிய விலங்கியலார் அங்கே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். கட்டடம் கட்டப் பணம் திரட்டினார். ஆனால் ஆண்டுதோறும் அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? அவர் ஒரு வழி கண்டார். ஆய்வுக்கூடத்தின் மேசைகளை வாடகைக்கு விட்டார்! ஆம், மேசைகளைத்தான். ஒரு நாட்டு அரசோ ஒரு பல்கலைக்கழகமோ ஆண்டு வாடகை செலுத்தினால், அது அனுப்பும் ஓர் ஆய்வாளருக்கு ஒரு மேசை கிடைக்கும். மேசை என்றால் வெறும் பலகை அன்று. வேண்டிய கடல் உயிரினங்களை நிலையத்தின் மீனவர்கள் அன்றாடம் பிடித்து வந்து கொடுப்பார்கள். கண்ணாடிக் கலங்கள், மருந்துகள், நூலகம் எல்லாம் அந்த வாடகைக்குள் அடக்கம். ஆய்வாளர் கொண்டு வர வேண்டியது ஒன்றே ஒன்று: தன் கேள்வி.

இந்த மேசைக்கு வந்தவர்களில் ஆண்களே மிகுதி. அதனால் 1898ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்கள் சிலர் ஒன்று சேர்ந்து, சந்தா திரட்டி, பெண் ஆய்வாளருக்கென்றே நேப்பிள்ஸில் ஒரு மேசையை வாடகைக்கு எடுக்கும் சங்கத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன்னரே அந்த நிலையத்தில் அமர்ந்து வேலை செய்திருந்த ஐடா ஹைட் என்ற பெண்மணியின் தூண்டுதலால் பிறந்த சங்கம் அது. பிறருடைய பெண்பிள்ளைகளுக்காகப் பணம் போட்டு ஓர் இருக்கை வாங்கி வைத்தார்கள் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இருந்தாலும் வாசல் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. அட்லாண்டிக் கடலின் அடித்தளத்தை வரைபடமாக்கிய மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1950களில் கப்பலில் ஏற அனுமதிக்கப்படவில்லை. ஆண்கள் அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்குகளைக் கரையில் உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தார். கடலுக்கடியில் ஓடும் மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை அந்தக் கோடுகளில் கண்டு சொன்னவர் அவரே. கப்பலில் சென்றவர்களுக்கு அது தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போவோம். ஒரு பேராசிரியரின் கீழ் அமர்ந்து, புதிதாக ஒன்றைக் கண்டு, அதை எழுதி, முனைவர் பட்டம் பெறும் முறை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அதை ஏற்றுக்கொண்டது 1917ஆம் ஆண்டில்தான். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பிரிட்டிஷ் வழியில் வளர்ந்தவை ஆதலால், அந்த முறையே இங்கும் வந்தது. ஆகவே இன்று மேற்படிப்புக்குக் கொடுக்கப்படும் ஆய்வு இருக்கை, ஏறக்குறைய அந்த நேப்பிள்ஸ் மேசையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

இனி நம் முன்னோர் புறப்பட்ட தமிழ்க் கரைக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரின் பெயரை நேயர்களில் சிலர் கேட்டிருக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரைத் தங்கவைத்து, நோய்ச் சோதனை செய்து, கப்பலேற்றிய முகாம் அங்கேதான் இருந்தது. நமக்கு ஜெரெஜாக் தீவு எப்படியோ, இலங்கை மலையகத்தாருக்கு மண்டபம் அப்படி. 1947ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இந்திய அரசு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் அதன் தலைமையகம் அதே மண்டபத்துக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறிய பிறகும் மண்டபத்தில் அதன் ஆய்வு மையம் தொடர்ந்தது. கடலைக் கடக்கக் காத்துக்கிடந்தவர்களின் ஊரில், கடலைப் படிக்க வந்தவர்கள் குடியேறினார்கள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஆண்டு 1929. நம் போ தோட்டத்துக்கும் அதே ஆண்டுதான்! சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில், பரங்கிப்பேட்டை என்ற பழந்துறைமுகம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷையா, அங்கே ஒரு கடல் உயிரியல் நிலையத்தை உருவாக்கினார். அது வளர்ந்து, 1960களில் கடல் உயிரியல் உயராய்வு மையம் என்ற தகுதியைப் பெற்றது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், சற்றுத் தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. மாணவன் அறையை விட்டு வெளியே வந்தால் பாடம் எதிரிலேயே கிடக்கும். தமிழ்நாட்டிலிருந்து கடல் உயிரியலில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் சென்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இடம் கேட்டு வந்தார்கள்.

அங்கே நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னால்தான் இந்தப் படிப்பின் தன்மை விளங்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. நம் நாட்டில் பினாங்கும் கெடாவும் அதனால் உயிர்களை இழந்தன. நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளோ சின்னாபின்னமாயின. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கதிரேசன், இராஜேந்திரன் ஆகிய இருவரும் அந்தக் கரையில் 18 மீனவக் குப்பங்களுக்குச் சென்று, எங்கே எத்தனை உயிர் போயிற்று, எவ்வளவு பொருள் அழிந்தது, குப்பத்துக்கு முன்னால் மரக்காடு இருந்ததா, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்று கணக்கெடுத்தார்கள். 2005ஆம் ஆண்டில், சுரபுன்னைக் காடுகள் அலையின் கேட்டைக் குறைத்தன என்று எழுதினார்கள். உலகமே அதை எடுத்துப் பேசிற்று. மறு ஆண்டிலேயே கெர், பெயர்டு, கேம்பெல் என்ற மூவர் அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, ஊரின் தூரமும் மேடுமே பெரும்பாலும் காரணம், காட்டின் பங்கு மிகச் சிறியது என்று மறுத்து எழுதினார்கள்.

இதைக் கேட்டு, "படித்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, பிறகு என்ன படிப்பு?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கரையோரத்தில் ஒரு குப்பத்தை எங்கே கட்டுவது என்பது இந்த விடையைப் பொறுத்தது. மரம் நட்டால் போதும் என்று நம்பித் தாழ்ந்த இடத்தில் வீடு கட்டினால், அடுத்த அலையில் உயிர் போகும். மரத்தால் பயனில்லை என்று வெட்டிவிட்டால், மீன் குஞ்சு வளரும் இடம் போகும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் திரும்பப் போட்டுப் பார்க்கும்படி, எண்களை ஒளிக்காமல் எழுதி வைத்தார்களே, அந்தப் பழக்கத்தைத்தான் மேற்படிப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள். மீன் பிடிப்பது வேறு, இது வேறு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. மண்டோரும் கிராணியும் ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த கொட்டகைகளும் அந்தக் காலத்தில் பள்ளி என்றே பெயர் பெற்றன. அதே காலத்தில், 1928ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரி திறக்கப்பட்டது. அது மருத்துவக் கல்லூரியோடு இணைந்து 1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. 1959இல் கோலாலம்பூரில் அதன் வளாகம் எழுந்தது. 1962ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. தோட்டத்துக் கொட்டகைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஏணி இல்லை. தமிழ்ப் பள்ளி, புகுமுக வகுப்பு, இடைநிலைப் பள்ளி, ஆறாம் படிவம் என்று படிப்படியாக அந்த ஏணி அமைய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

தென் சீனக் கடலைப் பற்றிய முறையான அறிவும் அப்போதுதான் திரண்டது. 1959 முதல் 1961 வரை, 'ஸ்டிரேஞ்சர்' என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் தாய்லாந்து வளைகுடாவிலும் தென் சீனக் கடலிலும் சுற்றியது. நாகா ஆய்வுப் பயணம் என்று அதற்குப் பெயர். கிளவுஸ் விர்ட்கி என்ற அறிஞர், அதன் வெளியீடாக 1961ஆம் ஆண்டில் தென்கிழக்காசியக் கடல்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். பருவக்காற்று மாறும்போது இந்தக் கடலின் நீரோட்டமும் திசை மாறி ஓடுவதை அதில் மாதவாரியாகப் படம் போட்டுக் காட்டினார். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் நமக்குத் தெரியும். கிழக்குக் கரையில் வெள்ளத்தைக் கொண்டுவருவது அதுதான். அதே காற்று கடலையும் திருப்புகிறது.

1971ஆம் ஆண்டில் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1979இல் அது திரெங்கானுக் கடற்கரையில், கோலத் திரெங்கானுவுக்கு அருகே மெங்காபாங் தெலிப்போட் என்னுமிடத்தில், மீன்வளம் - கடல் அறிவியலுக்கென ஒரு மையத்தைத் தொடங்கியது. அதுவே 1999இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் மலேசியத் திரெங்கானுப் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்றது. அதற்குப் பீடோங் தீவில் ஓர் ஆய்வு நிலையமும் உண்டு. 1978 முதல் 1991 வரை வியட்நாமிய அகதிகள் அடைந்து கிடந்த தீவு அது. மண்டபத்தில் நடந்தது இங்கும் நடந்திருக்கிறது. இவை தவிர, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தீவின் முக்கா ஹெட் பகுதியிலும், மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கிளந்தானின் பாச்சோக் கடற்கரையிலும், சபா பல்கலைக்கழகத்துக்குக் கோத்தா கினபாலுவிலும் கடல் ஆய்வுக் கூடங்கள் இருக்கின்றன. நேப்பிள்ஸுக்குக் கப்பலேற வேண்டிய காலம் போய், பேருந்திலேயே போய்ச் சேரக்கூடிய காலம் வந்திருக்கிறது.

சரி, மலையில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு? இதற்கு நம் மலையே விடை சொல்கிறது. நம் பக்கத்து தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றில் சேர்கிறது. ஜெலாய், தெம்பெலிங் ஆற்றோடு கூடிப் பகாங் ஆறாகிறது. பகாங் ஆறு பெக்கான் அருகே தென் சீனக் கடலில் விழுகிறது. தானா ராத்தா வழியாக ஓடும் பெர்த்தாம் ஆறும் இயற்கையாக அந்தப் பக்கம் போவதே. ஆனால் மின்சாரத் திட்டத்துக்காக 1963ஆம் ஆண்டில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டப்பட்டது. தெலோம் நீரில் ஒரு பங்கும் சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் பக்கம் திருப்பப்பட்டது. அணையில் தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் மாநிலத்துப் பத்தாங் பாடாங் பள்ளத்தாக்கில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, கடைசியில் மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. ஆக, நம் லயத்துக் கூரையில் விழும் மழைநீர் இன்று இரண்டு கடல்களுக்குப் போகிறது!

நீர் மட்டும் போவதில்லை. மலைச்சரிவுகளை வெட்டிக் காய்கறித் தோட்டம் போட்டதாலும் கட்டடம் எழுப்பியதாலும் மண் கரைந்து ரிங்லெட் ஏரி வண்டலால் தூர்ந்து வருவதை நாம் கண்ணால் காண்கிறோம். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நேர்ந்த உயிர்ச்சேதத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏரியில் தங்காத மண் எங்கே போகிறது? ஆற்றுமுகத்தில் அது கடற்புல்லின் மேல் படிந்தால் என்ன ஆகும்? அதோடு சேர்ந்து போகும் உரமும் பூச்சிமருந்தும் என்ன செய்யும்? கலங்கிய நீரில் வெயில் இறங்காது. வெயில் இல்லாமல் கடற்புல்லும் பவளமும் வாழா என்பது பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் இந்த மலையின் மண் அந்தக் கரையில் எவ்வளவு, எந்த மாதத்தில் என்பது அளந்து பார்க்க வேண்டிய விஷயம். கடலோரத்தில் பிறந்த மாணவனுக்குத் தோன்றாத கேள்வி, மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் ஓடும் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத் தோன்றும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இங்கேதான் நம் வீடுகளில் பெரும்பாலோர் தடுமாறுகிறோம். ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் பிறகு போடும் விண்ணப்பம் எல்லோருக்கும் பொதுவானது. பாரத்தை நிரப்பி, புள்ளிகளை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் போதும். எங்கே இடம் என்று அவர்களே சொல்வார்கள். மேற்படிப்பு அப்படியன்று. முதுகலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வகுப்பில் பாடம் கேட்டுத் தேர்வு எழுதுவது. மற்றொன்று ஆய்வு செய்து ஆய்வேடு எழுதுவது. இரண்டாம் வகைக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். பாரத்தை அனுப்பும் முன்பே, தன் கேள்விக்குப் பொருத்தமான பேராசிரியர் யார், அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படித்து, அவருக்கு நேராகக் கடிதம் எழுத வேண்டும். "ஐயா, எனக்கு ஓர் இடம் கொடுங்கள்" என்று மன்றாடும் கடிதத்தால் காரியம் ஆகாது. "உங்கள் கட்டுரையில் இப்படிக் கண்டிருக்கிறீர்கள், பகாங் ஆற்று முகத்தில் இதை இன்ன முறையில் பார்க்கலாமா?" என்று கேட்கும் ஒரு பக்கக் கடிதம் போதும். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் அடக்கமாக இருக்கப் பழகியவர்கள். முன்பின் தெரியாத பேராசிரியருக்கு வலிய எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது மரியாதைக் குறைவன்று; அங்கே அதுதான் முறை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து நினைவூட்டலாம், இன்னொருவருக்கும் எழுதலாம்.

அதன் பின் வருபவை பட்டச் சான்றிதழ், பாடவாரியான புள்ளிப் பட்டியல், பிள்ளையை அறிந்த இரண்டு விரிவுரையாளர்களின் பரிந்துரை, ஆய்வுத் திட்டம் ஆகியவை. சராசரிப் புள்ளி 4.00க்கு 2.50 அல்லது 2.75 என்பது நம் நாட்டில் பரவலாகக் கேட்கப்படும் அளவு. கடலியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல் படித்தவர்களும் இடம் பெறுகிறார்கள். கடல் நீரில் கரைந்திருப்பதைப் பார்க்க வேதியியல் வேண்டும், அலையைக் கணக்கிடக் கணிதம் வேண்டும். நீச்சல் தெரியாதே என்று ஒரு பிள்ளை அஞ்சினால், அது கற்றுக்கொள்ளக் கூடியது. கடல் ஆய்வில் பெரும்பகுதி கூடத்துக்குள்ளேயே நடக்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவோமா? மேற்பார்வையாளரிடம் ஆராய்ச்சி மானியம் இருந்தால், அதிலிருந்து மாணவருக்கு ஆய்வு உதவியாளராக மாதப் படி கொடுக்கும் வழக்கம் உண்டு. எல்லோரிடமும் எல்லாக் காலத்திலும் அது இருக்காது. ஆகவே இரண்டாவது கடிதத்திலேயே, கூச்சப்படாமல், "மானியம் இருக்கிறதா, எத்தனை மாதங்களுக்கு?" என்று கேட்டுவிட வேண்டும். இதைப் பிள்ளை தனியே முடிவு செய்யாமல் தாய் தந்தையரோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது நல்லது. தம்பி தங்கையின் படிப்பும் வீட்டுக் கடனும் அந்தக் கணக்கில் வர வேண்டும். இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதாலும் வாசல் மூடிவிடாது.

ஆய்வுத் திட்டம் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஏறக்குறைய பிப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும். தீவுகளுக்குப் படகு போகாது. ஆற்றில் மண் மிகுதியாக இறங்குவதும் அதே மாதங்களில்தான். அளக்க வேண்டிய பொருள் வரும்போது அளக்கப் போக முடியாது! பருவமழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அடிவண்டலை எடுத்து ஒப்பிடுவதா, மழைக்காலத்தில் கடலுக்குள் போகாமல் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று நீரை மொண்டு பார்ப்பதா என்பதைப் பிள்ளை யோசித்து ஒரு பத்தி எழுதியிருந்தால், படிக்கும் பேராசிரியர் அந்தப் பக்கத்தில் சற்று நிற்பார்.